பி.டி.எஃப். ஆவணத்தை யார் திருத்தலாம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். ஆர்டர் கைக்கு வந்த நாள் முதல் சரக்கு தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் ஏறும் நாள் வரை எங்கள் மேசையைக் கடந்து போகும் தாள்களில் பெரும்பாலானவை இப்போது பி.டி.எஃப். கோப்புகள்தாம். வேலைக்குச் சேரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே பி.டி.எஃப். எடிட்டரை இயக்கக் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அந்த மென்பொருளைக் கொண்டு எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை அவர்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. என் பிரிவிலும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. அதனால் நாங்கள் பட்ட பாடு மற்ற அலுவலகங்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கோப்பின் இயல்பைச் சொல்லிவிட வேண்டும். அடோபி நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜான் வார்னாக், 1991இல் ‘கேமலாட்’ என்ற பெயரில் ஒரு திட்டத்தை எழுதினார். எந்தக் கணினியில் தயாரித்த ஆவணமும் எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் அச்சிட்டாலும், ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதிலிருந்து பிறந்த பி.டி.எஃப். 1993இல் வெளிவந்தது, 2008இல் ஐ.எஸ்.ஓ. 32000 என்ற பன்னாட்டுத் தரமும் ஆனது. ஆக, இது எழுதி முடித்த தாளுக்கு ஈடாக உருவாக்கப்பட்ட வடிவம். வேர்ட் கோப்புக்குத் தன்னிடம் பத்தி இருப்பதும் வரி இருப்பதும் தெரியும். நடுவில் ஒரு சொல்லைச் சேர்த்தால் மற்றவை நகர்ந்து இடம் கொடுக்கும். பி.டி.எஃப். கோப்போ இந்த எழுத்து பக்கத்தின் இந்த இடத்தில், இந்த அளவில் அமர வேண்டும் என்பதை மட்டுமே பெரும்பாலும் குறித்து வைத்திருக்கிறது. எடிட்டர் மென்பொருள் அந்தத் துண்டுகளைப் பார்த்து இது பத்தியாக இருக்கலாம், இது அட்டவணையாக இருக்கலாம் என்று ஊகித்துத்தான் நமக்குக் காட்டுகிறது. இந்த மென்பொருளால் வரும் வசதிகளில் பலவும், தொல்லைகளில் ஏறக்குறைய எல்லாமும் இந்த ஒரு காரணத்திலிருந்தே கிளைக்கின்றன.

வசதிகளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆடையின் அளவு, வடிவம், லேபிள் விவரங்களைத் தொகுத்து இறக்குமதியாளர் அனுப்பும் ‘டெக் பேக்’ சில சமயம் நாற்பது பக்கம் வரும். அளவுப் பட்டியல் கட்டிங் பிரிவுக்கும், பிரிண்ட் வடிவம் பிரிண்டிங் யூனிட்டுக்கும், லேபிள், பாலிபேக் விவரம் பேக்கிங் பிரிவுக்கும் போக வேண்டும். முன்பெல்லாம் முழுக் கட்டையும் மூன்று பிரதி அச்சடித்து, பேனாவால் வட்டமிட்டு, பையனிடம் கொடுத்தனுப்புவோம். இப்போது பக்கங்களைப் பிரித்து, அந்தந்தப் பிரிவுக்கு வேண்டியதை மட்டும் அனுப்பி, தோள்பட்டை அளவில் சந்தேகம் இருந்தால் அந்த இடத்திலேயே குறிப்பு ஒட்டி இறக்குமதியாளருக்கும் அனுப்பிவிடுகிறோம். அவர் அதே குறிப்பின் கீழ் பதில் எழுதுகிறார். யார், எந்தத் தேதியில், எந்த அளவை ஒப்புக்கொண்டார் என்பது கோப்பிலேயே நிற்கிறது. சரக்கு போன பிறகு அளவு பற்றித் தகராறு வந்த இரண்டு முறை எங்களைக் காப்பாற்றியது அந்தக் குறிப்புகள்தாம்.

இரண்டு கோப்புகளை ஒப்பிட்டுக் காட்டும் வசதிக்கு இன்னும் நன்றி சொல்ல வேண்டும். பர்ச்சேஸ் ஆர்டரைத் திருத்தி அனுப்பும் இறக்குமதியாளர்கள் எல்லாரும் எதைத் திருத்தினோம் என்று கடிதத்தில் சொல்வதில்லை. ஒருமுறை பன்னிரண்டு பக்க ஆர்டரில் டெலிவரி தேதி மாறியிருப்பதாக மட்டும் எழுதியிருந்தார்கள். பழையதையும் புதியதையும் மென்பொருளில் ஒப்பிட்டபோது ஒன்பதாம் பக்கத்தில் அட்டைப்பெட்டிக்கு இத்தனை உருப்படி என்ற எண்ணும் மாறியிருப்பது சிவப்பு நிறத்தில் தெரிந்தது. கண்ணால் மட்டும் பார்த்திருந்தால் பேக்கிங் முடிந்த பிறகுதான் தெரிந்திருக்கும். அத்தனை பெட்டியையும் பிரித்து மீண்டும் கட்ட நேர்ந்திருக்கும். ஸ்கேன் செய்த பழைய பில்களைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றுவதும், படிவங்களைக் கணினியிலேயே நிரப்புவதும், பெரிய கோப்பைச் சுருக்கித் தளங்கள் கேட்கும் அளவுக்குள் கொண்டுவருவதும் இன்று எல்லா அலுவலகங்களிலும் அன்றாட வேலைகள். அவற்றை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி மறுபக்கம். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளரின் சோஷியல் ஆடிட்டுக்காக (தொழிலாளர் நிலைமையைச் சரிபார்க்கும் தணிக்கைக்காக)த் தொழிலாளர்களின் வயதுச் சான்றுகளையும் சம்பளப் பதிவேட்டையும் அனுப்ப வேண்டியிருந்தது. பதிவேட்டில் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவை இருந்ததால் அவற்றை மறைத்து அனுப்பும்படி சொன்னேன். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆகியிருந்த பெண், எடிட்டரில் கறுப்புச் செவ்வகம் வரைந்து ஒவ்வோர் எண்ணையும் பொறுப்பாக மூடினாள். அச்சிட்டுப் பார்த்தோம், கறுப்பாகத்தான் இருந்தது, அனுப்பிவிட்டோம். மறுநாள் ஆடிட்டரிடமிருந்து தொலைபேசி வந்தது. அவர் அந்தக் கறுப்புப் பட்டையின் மேல் மவுஸை இழுத்து, காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டியிருக்கிறார். நாற்பத்திரண்டு தொழிலாளர்களின் எண்களும் வரிசையாக வந்து நின்றிருக்கின்றன. நல்லவேளையாக அவர் நேர்மையானவர். கோப்பை அழித்துவிட்டு எங்களிடம் சொன்னார். அந்தப் பெண் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. தவறு அவளுடையது அன்று, அவளுக்குச் சொல்லிக் கொடுக்காத என்னுடையது.

செவ்வகம் என்பது எழுத்தின் மேல் வைத்த ஒரு தனிப் பொருள். அடியில் எழுத்து அப்படியே இருக்கிறது. மேசை மேல் இருக்கும் கடிதத்தின் மீது ஒரு தட்டை வைத்து மூடியதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. உலகின் பெரிய அலுவலகங்களும் இதில் விழுந்திருக்கின்றன. அமெரிக்காவில் டிரம்ப்பின் தேர்தல் பொறுப்பாளராக இருந்த பால் மானஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் 2019 ஜனவரியில் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுவில், கறுப்புப் பட்டைக்கு அடியில் இருந்த வரிகளைச் செய்தியாளர்கள் காப்பி செய்தே படித்துவிட்டார்கள். 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் ஆஸ்ட்ராசெனெகா தடுப்பூசி ஒப்பந்தத்தை வெளியிட்டபோது, பக்கத்தில் மறைத்த சில பகுதிகள் கோப்பின் புக்மார்க் பட்டியலில் தெரிந்தன. எழுத்தை உண்மையிலேயே நீக்குவதற்கென்று நல்ல எடிட்டர்களில் தனிக் கருவி உண்டு. அதில் பகுதியைக் குறித்தால் மட்டும் போதாது. ‘அப்ளை’ கொடுத்து, கோப்பில் ஒளிந்திருக்கும் மற்றத் தகவல்களையும் நீக்கச் சொல்லி, புதிய பெயரில் சேமிக்க வேண்டும். அதன் பின் நாமே ஒருமுறை அந்த இடத்தைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் பிரிவில் இப்போது அந்தக் கடைசிச் சோதனை முடியாமல் எந்தக் கோப்பும் வெளியே போவதில்லை. இந்தியாவில் 2023இல் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைப் பாதுகாக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அபராதத்தை விடுங்கள்; தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தொழிலாளி தன் ஆதார் எண்ணை நம்மை நம்பித்தான் கொடுத்தார்.

அடுத்தது மின்கையொப்பம். சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் ‘இ-சஞ்சித்’ என்ற ஆவணப் பதிவேற்ற வசதி வழியாக ஆவணங்களை ஏற்றும்போது மின்கையொப்பமிட்ட பி.டி.எஃப். ஆகத்தான் ஏற்றுகிறோம். கையொப்பம் இடும்போது மென்பொருள் கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டு ஒரு சுருக்க எண்ணை உருவாக்கி, அதைக் கையொப்பத்தோடு பூட்டி வைக்கிறது. அதன் பிறகு கோப்பைச் சுருக்கினாலும், வேறொன்றோடு சேர்த்தாலும், ஒரு புள்ளியை நகர்த்தினாலும் பூட்டு உடைந்துவிடும். இது தெரியாத காலத்தில், கையொப்பமிட்ட இன்வாய்ஸைத் தளத்தின் அளவுக்குள் அடக்குவதற்காகச் சுருக்கி ஏற்றிவிட்டு, கையொப்பம் செல்லாது என்று திரும்பி வந்ததும் மென்பொருளைக் குறை சொன்னேன். சேர்ப்பது, சுருக்குவது, பக்க எண் போடுவது ஆகிய எல்லாம் முடிந்த பிறகு கடைசியில்தான் கையொப்பம். இந்த வரிசையை எங்கள் அறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

கையொப்பம் செல்லும் என்று காட்டும் பச்சைக் குறி தெரிந்தாலே போதும் என்று நம்பிவிடவும் முடியாது. ஜெர்மனியின் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் சோதித்த பி.டி.எஃப். கோப்பைத் திறந்து காட்டும் 22 மேசைக்கணினி மென்பொருள்களில் 21ஐ, கையொப்பத்துக்குப் பின் உள்ளடக்கத்தை மாற்றியும் செல்லும் கையொப்பமாகக் காட்டும்படி ஏமாற்ற முடிந்தது. அந்தக் குறைகளை நிறுவனங்கள் பின்னர் சரிசெய்தன. ஆனால் புதுப்பிக்காத பழைய மென்பொருளையும், எங்கிருந்தோ கிடைத்த, உரிமப் பூட்டை உடைத்து ‘கிராக்’ செய்த பதிப்பையும் வைத்துக்கொண்டிருக்கும் அலுவலகத்துக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேராது. சந்தாத் தொகையை மிச்சப்படுத்துவதாக நினைக்கும் முதலாளிகள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது அனுபவம் பணத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. எங்களுக்கு நூல் வழங்கும் ஒரு மில்லின் மின்னஞ்சலிலிருந்து வழக்கம்போல் ஒரு பில் வந்தது. முத்திரை, ஜி.எஸ்.டி. எண், தொகை எல்லாம் சரி. எங்கள் கணக்காளர் அம்மா பணம் அனுப்புவதற்கு முன் திரையைப் பெரிதாக்கி, “இந்த நாலு மட்டும் ஒல்லியா இருக்கே” என்றார். வங்கிக் கணக்கு எண்ணில் இருந்த 4 என்ற இலக்கம் பக்கத்து இலக்கங்களைவிட ஒரு நூல் மெலிந்திருந்தது. மில்லுக்குத் தொலைபேசியில் பேசினோம். கணக்கு எண் அவர்களுடையது இல்லை. அவர்களது மின்னஞ்சலுக்குள் நுழைந்த யாரோ பில்லை எடுத்து, எடிட்டரில் கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் மட்டும் மாற்றி எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த 4 ஏன் மெலிந்தது என்பதைப் பின்னர் தெரிந்துகொண்டேன். கோப்பின் அளவைக் குறைக்க, ஆவணத்தில் உள்ள எழுத்துகளின் வடிவங்களை மட்டுமே பி.டி.எஃப். பெரும்பாலும் தன்னோடு வைத்துக்கொள்ளும். மூலப் பில்லில் அந்தத் தடித்த எழுத்துருவில் 4 எங்கும் வராததால், எடிட்டர் கணினியிலிருந்த வேறோர் எழுத்துருவிலிருந்து அதை இரவல் வாங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் இப்படிக் காட்டிக்கொடுக்கும் என்று சொல்ல முடியாது. அதனால், கணக்கு எண் மாறி வரும் எந்தப் பில்லுக்கும், பில்லில் இருக்கும் எண்ணுக்கு அல்லாமல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் தொலைபேசி எண்ணுக்குப் பேசி உறுதி செய்த பிறகே பணம் அனுப்புகிறோம்.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது, நல்லவர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் திருத்தத்தைத்தான். எல்.சி. (உரிய ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருவதாக வங்கி அளிக்கும் உறுதிக் கடிதம்) அடிப்படையில் ஏற்றுமதி செய்பவர்களுக்குத் தெரியும்: அதற்கான பன்னாட்டு விதிகளான யு.சி.பி. 600இன்படி வங்கிக்கு ஆவணங்களைப் பரிசீலிக்க அதிகபட்சம் ஐந்து வங்கி வேலை நாட்கள் உண்டு. ஆவணங்களுக்குள் முரண்பாடு இருந்தால் அதைக் காட்டிப் பணத்தை நிறுத்தி வைக்க வங்கிக்கு உரிமை உண்டு. ஒருமுறை பரிசோதனைக் கூடம் ஒன்று தந்த சான்றிதழில் இறக்குமதியாளரின் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. ஆவணங்களை மறுநாள் வங்கியில் கொடுத்தாக வேண்டும். “அண்ணா, ஒரே ஒரு எழுத்துதானே, நானே போட்டுடட்டுமா, யாருக்கும் தெரியாது” என்று என் உதவியாளர் கேட்டார். கள்ளம் இல்லாமல் கேட்ட கேள்விதான். ஆனால் அந்தச் சான்றிதழ் எங்களுடையது அன்று. அதில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை அதைக் கொடுத்தவர்களுக்கு மட்டுமே உண்டு. குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 336ஆம் பிரிவு, பொய்யான மின்னணுப் பதிவை உருவாக்குவதையும் போலி ஆவணக் குற்றத்துக்குள் கொண்டுவருகிறது. ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று பின்னர் நிரூபிக்கலாம். ஆனால் இன்று ஓர் எழுத்தைத் தொட்ட கை, அவசரம் அழுத்தும் நாளில் பரிசோதனை முடிவின் எண்ணைத் தொடாது என்பதற்கு என்ன உறுதி? கூடத்துக்கு எழுதினோம். மறுநாள் மாலைதான் திருத்திய சான்றிதழ் வந்தது. ஒரு நாள் தாமதமாக வங்கிக்குப் போனோம். அந்தத் தாமதத்துக்காக முதலாளியிடம் கேட்ட வார்த்தைகள் இருக்கின்றன என்றாலும் அந்த முடிவில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

நீதிமன்றம் வரை போகும் சூழ்நிலையையும் நினைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவைச் சான்றாக வைப்பவர் தரும் சான்றிதழில் அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (முன்பு சொன்னது போன்ற சுருக்க எண்ணையும்) குறிக்க வேண்டும். மின்னஞ்சலில் வந்த மூலக் கோப்பைத் திறந்து, அதன் மேலேயே கோடு போட்டுச் சேமித்துவிட்டால் அந்த மூலம் நம்மிடம் இல்லாமல் போகிறது. ஆகவே வந்த கோப்பு வந்தபடியே ஓர் அடைவில் இருக்க வேண்டும்; வேலை எல்லாம் அதன் பிரதியில்தான் நடக்க வேண்டும்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இந்த மென்பொருள் தரும் துன்பம் தனியானது. தொழிலாளர்களுக்கான அறிவிப்பு, பணி நியமன ஆணை, சம்பளச் சீட்டு ஆகியவற்றைத் தமிழில் தருகிறோம். பி.டி.எஃப். ஆக்கிய அறிவிப்பில் ஒரு சொல்லை மாற்ற எடிட்டரில் திறந்தால், பல மென்பொருள்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கின்றன. ‘தொழிலாளர்’ என்பதைக் காப்பி செய்து வேறிடத்தில் ஒட்டினால் ‘ெதாழிலாளர்’ என்று வந்து விழுகிறது. ஒருங்குறியில் (யூனிகோடில்) ஒகரக் குறி எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது. கண்ணுக்கோ கொம்பு முன்னால் தெரிகிறது. பி.டி.எஃப். கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வடிவங்களை அடுக்கி வைப்பதால் திரும்ப எடுக்கும்போது வரிசை குலைகிறது. அதே காரணத்தால், ‘தொழிலாளர்’ என்று தேடினால், கண்ணெதிரே இருக்கும் சொல்லையே மென்பொருள் இல்லை என்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தயாரித்த கோப்புகளில் நிலைமை இன்னும் மோசம். ‘தமிழ்’ என்ற சொல்லைக் காப்பி செய்தால் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான் கிடைக்கும். தமிழ்நாடு அரசு 2010லேயே ஒருங்குறியைத் தன் தரமாக அறிவித்தது. ஆனாலும் பழைய எழுத்துருவில் அமைந்த சுற்றறிக்கைகளும் படிவங்களும் இன்னும் எங்கள் கைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. தமிழ் ஆவணத்தை எடிட்டரில் திருத்துவதை நாங்கள் அறவே விட்டுவிட்டோம். வேர்ட் மூலத்தைத் திறந்து, அங்கே திருத்தி, மீண்டும் பி.டி.எஃப். ஆக்குகிறோம். மூலம் தொலைந்துபோனால் புதிதாகத் தட்டச்சு செய்கிறோம். அதுவே விரைவான வழி என்பது அனுபவம்.

இலவசமாகக் கோப்பை மாற்றித் தருவதாகச் சொல்லும் இணையத்தளங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே ஏற்றும் கோப்பு நம் கணினியை விட்டு முன்பின் தெரியாத ஒருவரின் கணினிக்குப் போகிறது. இத்தகைய மாற்றித் தரும் தளங்களில் சில, கணினியில் தீங்கு நிரல்களை இறக்குவதாகவும் கோப்பிலுள்ள தகவல்களைத் திருடுவதாகவும் அமெரிக்க எஃப்.பி.ஐ.யின் டென்வர் கிளை 2025 மார்ச்சில் எச்சரித்தது. நேர்மையாக நடக்கும் தளங்களும் இருக்கின்றன. ஆனால் விலைப்பட்டியலையும் தொழிலாளர் விவரத்தையும் ஏற்றுவதற்கு அந்த நம்பிக்கை போதாது. பக்கம் பிரிக்கவும் சேர்க்கவும் மட்டுமே தேவைப்படுபவர்கள், கணினியிலேயே இயங்கும் ‘பி.டி.எஃப்.சாம்’ போன்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். இணைய இணைப்பே வேண்டாம்.

எங்கள் பிரிவில் இப்போது ஆறு பேருக்கு ஒரே ஓர் எடிட்டர் உரிமம்தான் இருக்கிறது. மற்ற ஐவரும் படிக்கவும் குறிப்பு எழுதவும் மட்டுமே முடியும். முதலில் செலவைக் குறைக்கத்தான் அப்படிச் செய்தோம். நாளடைவில், எழுத்தை மாற்றும் வசதி ஒருவரிடம் மட்டும் இருப்பதும், மாற்றியதை அவர் ஒரு பதிவேட்டில் எழுதி வைப்பதும் எவ்வளவு நிம்மதி என்று தெரிந்தது. நாமே தயாரித்த ஆவணத்தில் பிழை இருந்தால் மூலத்தில் திருத்துகிறோம். பிறர் தந்ததில் பிழை இருந்தால் தந்தவரிடமே கேட்டு வாங்குகிறோம்.

அரசுத் துறைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தொழிலாளர் துறையும், மாவட்ட நிர்வாகமும், உள்ளாட்சி அமைப்புகளும் வெளியிடும் தமிழ்ப் படிவங்களில் ஸ்கேன் செய்த படமாகவே இருப்பவை இன்னும் நிறைய. அவற்றை ஒருங்குறியில், கணினியிலேயே நிரப்பக்கூடிய பி.டி.எஃப். ஆக வெளியிட்டால், அச்சிட்டு, பேனாவால் நிரப்பி, மீண்டும் ஸ்கேன் செய்து, அளவு பெரிதாகிவிட்டது என்று சுருக்கி அனுப்பும் வேலை சிறு நிறுவனங்களுக்கு மிச்சமாகும். படிவத்தை நிரப்புவதற்காகவே எடிட்டர் மென்பொருளைத் தேடி இலவசத் தளங்களில் அலையும் தேவையும் அவர்களுக்கு இருக்காது. சான்றிதழ் வழங்கும் துறைகள், தாளில் அச்சிடும் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்தால் அரசுத் தளத்தில் உள்ள மூலமே திறக்கும்படி எல்லாச் சான்றிதழ்களுக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். கைக்கு வந்த கோப்பை யாராவது திருத்தினார்களா என்று எங்களைப் போன்றவர்கள் ஒரே நிமிடத்தில் சரிபார்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஏற்றுமதி நிறுவன ஆவணப் பிரிவு ஊழியர்,
திருப்பூர்.